பரதேசத்தில் பண்டிகை நாள்

சென்ற வாரம் சமயநல்லூர்க் குடியானவர் ஒருவர் என் காரியாலயத்துக்கு வந்திருந்தார். ஆற்றுப் பாசனத்தில் சொற்ப நஞ்சை உடையவர். அந்த நஞ்சையையும் குடியிருக்கும் வீட்டையும் பாங்கியில் ஈடு வைத்துத் தம் ஒரே புதல்வனை மேற்படிப்புக்காக லண்டன் மாநகருக்கு அனுப்பியிருப்பவர். ஈட்டுப் பத்திரத்தை அவருக்கு வாசித்துப் பொருள் சொன்னவன் நானே. ஆனால் இம்முறை அவர் வந்த காரியம் பத்திரம் பற்றியதன்று.

"வக்கீலையா, பையன் ராத்திரி போனில் பேசினான். வருகிற இருபத்தைந்தாம் தேதி ஊரே அடைத்துவிடுமாம். பஸ் ஓடாதாம், ரயில் ஓடாதாம், கடை திறக்காதாம். கூட இருக்கிற பிள்ளைகள் அவரவர் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறார்களாம். 'நான் மட்டும் அறையில் இருப்பேன் அப்பா' என்று சொன்னான். அப்புறம் பேச்சே வரவில்லை. நீங்கள் அங்கே இருந்தவர்களாயிற்றே. அவ்வளவு பெரிய பட்டணத்தில் ஒரு நாள் சோறு கிடைக்காமலா போகும்?" என்று கேட்டார்.

சோறு கிடைக்கும், கவலை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அவரும் போய்விட்டார். ஆனால் அவர் கேட்டது சோற்றை மட்டும் பற்றிய கேள்வியன்று என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்று சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன். தம் மக்களைக் கடல் கடந்து அனுப்பியிருக்கும் பெற்றோர் நம் ஜில்லாவில் இன்று அநேகர். இது அவர்களுக்கும் உரியது. அனுப்பாதவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பதை முடிவில் காண்பார்கள்.

மாநகரம் அடைபடும் விதம்

லண்டன் நகரில் ஏறக்குறைய 90 லட்சம் ஜனங்கள் வசிக்கிறார்கள். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் இரைந்துகொண்டே இருக்கும் அந்நகரம் டிஸம்பர் 25-ஆம் தேதி ஒரு நாள் வாய் மூடிவிடுகிறது. பூமிக்கடியில் ஓடும் ரயிலும் ஓடாது. சிவப்பு பஸ்களும் ஓடா. வெளியூர் ரயில்களும் நின்றுவிடும். பெரிய கடைகள் அன்று திறத்தலாகாது என்பதற்கு 2004-ஆம் வருஷத்தில் தனிச் சட்டமே செய்திருக்கிறார்கள். 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடை எதுவும் அன்று வியாபாரம் செய்யலாகாது. சூரியன் காலை எட்டு மணிக்கு மேல்தான் தலை காட்டுவான். மாலை நான்கு மணிக்குள் மறைந்துவிடுவான். அந்த எட்டு மணி நேர வெளிச்சமும் பெரும்பாலும் சாம்பல் நிறந்தான். வெள்ளைப் பனி மூடிய வீதிகளைப் படத்தில் பார்த்துவிட்டுப் போகிறவனுக்கு அங்கே கிடைப்பது பெரும்பாலும் தூறலும் ஈரமுமே.

ஒரு மாதத்துக்கு முன்னரே வீதியெல்லாம் விளக்கு வைத்துவிடுவார்கள். டிரபால்கர் சதுக்கத்தில் ஓங்கிய தேவதாரு மரம் ஒன்று நிற்கும். யுத்தகாலத்தில் பிரிட்டன் செய்த உதவிக்கு நன்றியாக நார்வே தேசத்து ஆஸ்லோ நகரத்தார் 1947 முதல் வருஷந்தோறும் அனுப்புவது அது. கடைகளில் கூட்டம் நெரியும். இந்த ஆரவாரத்தைக் கண்ட அந்நியன், பண்டிகை நாளன்று இது இன்னும் பத்து மடங்காகும் என்று எதிர்பார்ப்பான். நேர்மாறாக அன்றைக்கு வீதியில் மனிதரே இரார். நம் பண்டிகை தெருவுக்கு வருவது. தேரும் தெப்பமும் ஊர் கூடி நடத்துவது. சித்திரை மாதத்தில் அழகர் வைகையில் இறங்கும்போது அந்நியன் என்று ஒருவன் ஒதுங்கி நிற்க முடியுமோ? அவர்கள் பண்டிகையோ வீட்டுக்குள் போவது. கதவைச் சாத்திக்கொண்டு, கணப்பருகில் குடும்பம் கூடி உண்பதே அதன் சாரம். வீடு உள்ளவனுக்கு அதைவிட இனிய நாள் இல்லை. வீடு இல்லாதவனுக்கு அதைவிடக் கொடிய நாள் இல்லை.

இது அநாதி காலத்து வழக்கம் என்று எண்ணிவிடலாகாது. 1647-ஆம் வருஷத்தில் பியூரிட்டன் கட்சியார் ஆதிக்கம் பெற்றிருந்த பார்லிமெண்டு கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே சட்டத்தால் ஒழித்தது. 1660-இல் ராஜாங்கம் திரும்பிய பின்னரே அது மீண்டது. வாழ்த்துக் கடிதம் அச்சிட்டதும், சார்லஸ் டிக்கன்ஸ் தம் கிறிஸ்துமஸ் கதையை வெளியிட்டதும் 1843-இல்தான். மறுநாளை விடுமுறையாக்கிய பாங்கு விடுமுறைச் சட்டம் 1871-இல் வந்தது. யந்திரசாலைகள் பெருகி, கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்த ஜனங்கள் ஒருவரையொருவர் அறியாது வாழத் தொடங்கிய காலத்தில், "குடும்பமாவது மிஞ்சட்டும்" என்று அச்சமூகம் தனக்குத் தானே செய்துகொண்ட ஏற்பாடு இன்றைய ஆங்கிலேயக் கிறிஸ்துமஸ் என்பது என் அபிப்பிராயம்.

பண்டிகையின்மீது எனக்குக் குறையில்லை. ராபர்ட் டி நொபிலி பாதிரியார் 1606-இல் மதுரைக்கு வந்து குடியேறினார். வீரமாமுனிவர் 1726-இல் தேம்பாவணி பாடினார். ஏசு பிறந்த நாள் தமிழ்நாட்டுக்கு அந்நியமான நாளன்று. நம் சகோதரர்களாகிய லட்சக்கணக்கான தமிழர்களின் திருநாள் அது. நான் சொல்ல வந்தது பண்டிகையைப் பற்றியன்று. பண்டிகை நாளில் வெளியே நிற்கிறவனைப் பற்றி.

ஒரு டிஸம்பர் மாதம்

2003-ஆம் வருஷம் சட்டத்தில் மேற்படிப்புக்காக நான் அந்நகரில் இருந்தேன். வடக்கு லண்டனில் ஹாலோவே என்னும் பகுதியில், ஆறு பேர் வாடகைக்கிருந்த ஒரு வீட்டின் மேல்மாடியில் என் அறை. டிஸம்பர் இரண்டாவது வாரத்தில் கலாசாலை மூடியது. ஒவ்வொருவராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 24-ஆம் தேதி இரவு அவ்வீட்டில் நான் ஒருவனே.

முன்னெச்சரிக்கை இல்லாமையால் மறுநாளைக்கு உணவு சேகரித்து வைக்கவில்லை. இருந்தது அரை ரொட்டியும் ஊரிலிருந்து கொண்டுபோன பருப்புப் பொடியும். காலையில் ஊருக்குப் பேசினேன். "சாப்பிட்டாயா?" என்றார் என் தாயார். "ஆயிற்று" என்றேன். பரதேசத்திலிருந்து பெற்றோருக்குச் சொல்லப்படும் பொய்களுள் இதுவே மிகப் பெரியது. இன்றும் தினந்தோறும் சொல்லப்பட்டு வருவது. தமிழில் "பரதேசி" என்னும் ஒரே சொல் அயல் நாட்டானையும் குறிக்கும், பிச்சைக்காரனையும் குறிக்கும். நம் முன்னோர் யாதுபற்றி அப்படி வைத்தார்கள் என்பது அன்று விளங்கிற்று. கையில் பணம் இருந்தது. வாங்கக் கடை இல்லை. நகரம் முழுதும் வீடுகள். தட்டக் கதவு இல்லை.

அறையில் இருக்கப் பொறாமல் நடந்தேன். மேட்டில் ஏறினால் ஹைகேட் என்னும் பகுதி வரும். அங்கே குரோம்வெல் அவென்யூ என்ற தெருவில் 65-ஆம் இலக்க வீட்டின்முன் நின்றேன். ஸாவர்க்கர் அங்கே வசித்தார் என்று சுவரில் ஒரு பலகை பதித்திருக்கிறார்கள். நம் நாட்டுச் சரித்திரத்தில் "இந்தியா ஹவுஸ்" என்று பெயர் பெற்ற இல்லம் அதுவே. அங்கு நின்றபொழுது என் துக்கம் எனக்குச் சிறிதாகத் தோன்றிற்று. எனக்கு முன் எத்தனை பேர் இதே குளிரில், இதே பண்டிகைக் காலத்தில், இதே நகரத்தில் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார்கள் என்ற எண்ணம் வந்தது.

முன்னோர் நின்ற வாசல்

1888-ஆம் வருஷம் இலையுதிர் காலத்தில் பத்தொன்பது வயது நிரம்பும் தறுவாயில் அந்நகரில் இறங்கினார் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. வெள்ளைக் கம்பளி உடுப்புடன் இறங்கியவர் தாம் ஒருவரே என்று வெட்கமுற்றதையும், இரவில் தாயை நினைத்துக் கண்ணீர் விட்டதையும், அங்கே இருக்கவும் முடியாமல் திரும்பவும் மனமில்லாமல் தவித்ததையும் அவரே தம் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மாமிசம் உண்பதில்லை என்று தாய்க்குக் கொடுத்த வாக்கினால், தங்கிய வீட்டில் அரைப்பட்டினி. மேலும் ஒரு துண்டு ரொட்டி கேட்கவும் கூச்சம். தினம் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து திரிந்து, பாரிங்டன் வீதியில் ஒரு சைவ போஜனசாலையைக் கண்டுபிடித்த அன்றுதான் வயிறார உண்டார்.

பாரிஸ்டராவதற்கு அக்காலத்தில் முக்கிய நிபந்தனை விருந்துண்பது! மூன்று வருஷத்தில் பன்னிரண்டு தவணை. தவணைக்கு ஆறு விருந்தாவது சட்ட மன்றத்து மண்டபத்தில் அமர்ந்து உண்ண வேண்டும். நால்வருக்கு இரண்டு புட்டி மது, காந்தியோ குடிப்பதில்லை, ஆகவே அவரைத் தம் பந்தியில் சேர்த்துக்கொள்ள மற்ற மாணாக்கரிடையே போட்டி. அந்நியனுக்குக் கிடைத்த வரவேற்பு அவன் பங்கு மதுவுக்காக என்றால், அந்தப் பந்தியின் நெருக்கத்தை நேயர்களே மதித்துக்கொள்ளலாம். அவரும் சில மாதம் அவர்களைப் போலாக முயன்றார். பாண்ட் வீதியில் பத்துப் பவுன் கொடுத்து உடுப்பு தைத்தார். நடனமும் பிடிலும் கற்கப் பார்த்தார். உடுப்பினால் கதவு திறக்கவில்லை.

அதே மனிதர் நாற்பத்து மூன்று வருஷத்துக்குப் பின் வட்டமேஜை மகாநாட்டுக்காக அதே நகரத்துக்குப் போனார். 1921 ஸெப்டம்பர் 22-ஆம் தேதி நம் மதுரை மேலமாசி வீதியில் அவர் மேற்கொண்ட அரைமுழத் துண்டே அப்பொழுதும் உடை. ராஜ உபசாரமான ஹோட்டல்களை விட்டு, ஏழைத் தொழிலாளர் வாழும் கிழக்கு லண்டனில் கிங்ஸ்லி ஹால் என்னும் தொண்டு நிலையத்தில் மூன்று மாதம் தங்கினார். அத்தெருக் குழந்தைகள் அவர் பிறந்த நாளுக்குக் கம்பளி நாய்ப் பொம்மைகளும் மெழுகுவர்த்திகளும் மிட்டாயும் பரிசளித்தார்கள். அவற்றை அவர் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். 1931-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் தினத்தில் அவர் தாயகம் திரும்பும் கப்பலில் இருந்தார். உடன் வந்தோர் வேண்ட, ஏசுநாதரைப் பற்றிப் பிரார்த்தனையில் பேசினார். 28-ஆம் தேதி பம்பாயில் இறங்கினார். ஒரு வாரத்துக்குள் சிறை புகுந்தார். 1888-இல் கதவு திறக்கப் பிறரை எதிர்பார்த்து நின்றவர், 1931-இல் எளியோர் கதவைத் தாமே சென்று தட்டினார், அது திறந்தது. இடையிலே மாறியது லண்டன் அன்று, அவர்.

மூன்று இல்லங்கள்

அந்நகரில் வெளியே நின்ற இந்தியர்களில் சிலர் புலம்பியதோடு நின்றார்கள். சிலர் வெள்ளையரைப் போலாக முயன்று இரண்டுங்கெட்டவரானார்கள். வேறு சிலர் தமக்குக் கிடைக்காத கதவைப் பிறருக்காகத் தாமே அமைத்தார்கள். இந்த மூன்றாம் வகையினரே நாம் நினைக்க வேண்டியவர்கள்.

இந்திய மாணாக்கருக்கு வாடகைக்கு அறை கொடுக்க அநேக வீட்டுக்காரர் மறுத்த காலத்தில், 1905 ஜூலை முதல் தேதி சியாம்ஜி கிருஷ்ணவர்மா ஹைகேட்டில் இந்தியா ஹவுஸைத் திறந்தார். இருபத்தைந்து பேர் வரை தங்கி உண்ண வசதி. 1907-இல் அங்கு வந்து சேர்ந்தார் திருச்சி வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர். வந்தது பாரிஸ்டர் படிப்புக்கு. ஆனது தேசத் தொண்டராக. பாரதியாரின் "இந்தியா" பத்திரிகைக்கு லண்டன் நடப்புக்களைக் கடிதமாக எழுதி வந்தவர் அவர். 1908 டிஸம்பர் 29-ஆம் தேதி, கிறிஸ்துமஸ் வாரம் கழியுமுன், காக்ஸ்டன் மண்டபத்தில் இந்தியர் கூடிக் குரு கோவிந்த ஸிங்கின் ஜயந்தியைக் கொண்டாடினார்கள்; விபின சந்திர பாலரும் லாலா லஜபதி ராயும் அப்போது லண்டனில் இருந்து அதிற் கலந்துகொண்டார்கள். நகரம் தன் வீட்டுக்குள் புகுந்துகொண்ட வாரத்தில், வீடற்றவர்கள் கூடித் தம் தேசத்தையே வீடாக்கிக்கொண்டார்கள். தாய்நாட்டிலும் காங்கிரஸ் மகாசபை 1885 முதல் 1929 வரை பெரும்பாலும் இதே கிறிஸ்துமஸ் வாரத்தில்தான் கூடியது. கோர்ட்டும் ஆபீஸும் மூடும் அந்த விடுமுறையே வக்கீல்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கிடைத்த அவகாசம். ஆள்வோர் தமக்காக அளித்த விடுமுறையை ஆளப்பட்டோர் தம் விடுதலைக்காகப் பயன்படுத்தினர்.

இரண்டாவது இல்லம் ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் நிறுவியது. சேலத்திற் பிறந்த கே. டி. பால் அவர்கள் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் இந்தியத் தேசியக் காரியதரிசி; 1930-இல் முதல் வட்டமேஜை மகாநாட்டுக்கும் சென்றவர். இந்திய மாணாக்கர் லண்டனில் படும் அல்லலைக் கண்டு அவர் முயன்றதன் பேரில் 1920-இல் இந்திய மாணாக்கர் விடுதி ஒன்று ஏற்பட்டது. மதம் கேளாமல் எல்லா இந்தியருக்கும் இடம் கொடுத்த விடுதி அது. இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழுந்து கட்டடம் அழிந்தது. எனினும் ஸ்தாபனம் அழியவில்லை. 1953 முதல் பிட்ஸ்ராய் சதுக்கத்தில் புதிய கட்டடத்தில் நடந்து வருகிறது. கிறிஸ்துமஸ் யாருடைய பண்டிகையோ, அந்தச் சமயத்தைச் சேர்ந்த ஒரு தமிழர்தாம் அந்நாளில் வெளியே நிற்கும் ஹிந்துவுக்கும் முஸ்லிமுக்கும் கதவு திறந்து வைத்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

மூன்றாவது இல்லத்தை அந்த 2003-ஆம் வருஷத்துப் பண்டிகையன்றே நேரிற் கண்டேன். குரோம்வெல் அவென்யூவிலிருந்து சில நிமிஷ நடையில் ஆர்ச்வே சாலை. அங்கே ஈழத்துத் தமிழர்கள் எழுப்பி 1986-இல் திறந்த முருகன் கோவில் இருக்கிறது. 1983-ஆம் வருஷத்துக் கொடுமைக்குப் பின் ஆயிரக் கணக்கில் தாய்நாட்டை இழந்து வந்த ஜனங்களின் புகலிடமும் அதுவே. அன்று நடை திறந்திருந்தது. கற்பூர வாசனை எட்டியதும் கால்கள் தாமே படியேறின. தீபாராதனை முடிந்ததும் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "தம்பி, எந்த ஊர்?" என்றார். மதுரைப் பக்கம், சமயநல்லூர் என்றேன். மேலே எதுவும் கேளாமல் ஒரு தட்டில் புளிச்சாதமும் தயிர்ச்சாதமும் வைத்து நீட்டி, "இருந்து சாப்பிடுங்கோ" என்றார். அவருக்குத் திரும்பிப் போக ஊரே இல்லை. ஊர் இருந்தும் வழியில்லாமல் நின்ற எனக்குச் சோறிட்டவர் அவர்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இருட்டிய பின் வீடு திரும்பினேன். எங்கள் அடுத்த வீட்டில் தனியே வசித்த ஆங்கிலேய மூதாட்டி ஒருவர், அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியறியாதவர், கதவைத் தட்டினார். மேல்மாடியில் விளக்கு எரியக் கண்டதாகவும், கணவர் இறந்து நான்கு வருஷமாகியும் பண்டிகைக்கு இருவருக்குச் சமைக்கும் பழக்கம் விடவில்லை என்றும், வந்து உண்ண முடியுமா என்றும் கேட்டார். போனேன். நான் உண்ணக்கூடியவை உருளைக்கிழங்கும் கோசும் மட்டுமே. அவர் தம் கணவரைப் பற்றிப் பேசினார். நான் என் தாயாரைப் பற்றிப் பேசினேன். சாத்திய கதவுகளுக்குள்ளே எல்லாரும் குடும்பத்தோடு இன்புற்றிருக்கிறார்கள் என்று காலையில் பொறாமைப்பட்டேனே, அது தவறு. அந்நகரத்துக் கதவு அந்நியனை மட்டும் வெளியே நிறுத்தவில்லை; தன் மக்களிற் பலரை உள்ளே அடைத்தும் வைத்திருந்தது. இதை அவர்களில் நல்லோரும் அறிவர். 1967-இல் தோன்றிய "கிரைஸிஸ்" என்னும் தர்ம ஸ்தாபனம் கிறிஸ்துமஸ் வாரத்தில் வீடற்றோர்க்கு இடமும் உணவும் கொடுத்து வருகிறது. தங்கள் பண்டிகையை விட்டு வந்து அதில் தொண்டு செய்வோர் பலர்.

இன்று போகும் பிள்ளைகள்

காந்தியும் ஐயரும் போன காலத்தில் சீமைக்குப் போனவர்கள் ராஜாக்கள் வீட்டுப் பிள்ளைகளும் வக்கீல்களும். இன்று போகிறவர்கள் நம் குடியானவர்களின் பிள்ளைகள். இது முன்னேற்றமே, ஆனால் அபாயமும் கூடிய முன்னேற்றம். ஏழரை லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு பாங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கின்றன. ஆகவே பிள்ளை விமானம் ஏறும்போது தகப்பனாரின் நஞ்சையும் கூடவே ஏறுகிறது.

அங்கே மாணாக்கர் படிப்புக் காலத்தில் வாரம் இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாது என்பது விதி. விடுமுறையில் அந்த வரம்பில்லை. ஆகவே கிறிஸ்துமஸ் விடுமுறை நம் பிள்ளைகளுக்கு ஓய்வுக் காலமன்று. சாமான் கட்டும் கிடங்கிலும், போஜனசாலையின் பாத்திரம் கழுவும் தொட்டியருகிலும் நின்று, வட்டிக்கும் வாடகைக்கும் சம்பாதிக்கும் அறுவடைக் காலம். மற்றவர் பரிசு வாங்குகிறார்கள். இவன் அதைப் பெட்டியில் கட்டுகிறான். 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சி முதலிய சில படிப்புக்களுக்குச் செல்வோர் தவிர மற்ற மாணாக்கர் மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்லவும் வழியில்லை. 24-ஆம் தேதி இரவு வரை உழைத்துவிட்டு, 25-ஆம் தேதி விழித்துப் பார்த்தால் வேலையும் இல்லை, வண்டியும் இல்லை, பேச ஒரு மனிதனும் இல்லை. மனம் உடைவது உழைக்கும் நாளில் அன்று. அந்த ஒரு நாளில்.

அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பட்டத்தையும் சம்பளத்தையும் மட்டும் தரகர்களிடம் விசாரிக்கிறீர்கள், குளிர்காலத்தையும் விசாரியுங்கள். கடன் எவ்வளவு, தவணை எப்போது, வேலை கிடைக்காவிட்டால் என்ன வழி என்பதைப் பிள்ளையுடன் உட்கார்ந்து கணக்கிட்டுப் பேசுங்கள். "என்ன ஆனாலும் திரும்பி வரலாம், நிலம் போனாலும் நீ எங்களுக்கு வேண்டும்" என்று ஒரு முறையாவது வாயால் சொல்லி அனுப்புங்கள். அந்த ஒரு வாக்கியம் கம்பளிச் சட்டையைக் காட்டிலும் அதிகம் குளிர் தாங்கும்.

வெளிநாடுகளில் உள்ள தமிழ்ச் சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மண்டபம் பிடித்து விழா நடத்துகிறீர்கள், மகிழ்ச்சி. நம் பண்டிகையன்று நம் பிள்ளை தனியே இரான். அவர்கள் பண்டிகையன்றுதான் தனித்திருக்கிறான். ஆகவே டிஸம்பர் 25-ஆம் தேதி ஒரு கூடத்தைத் திறந்து வையுங்கள். பாட்டும் நடனமும் வேண்டா, சோறும், அமர ஓர் இடமும், "எந்த ஊர்?" என்று கேட்க ஒரு பெரியவரும் போதும்.

நம் வாசலில் நிற்பவன்

இதுவரை படித்து, லண்டன்காரர் கதவை அடைத்தார் என்று பெருமூச்சு விடும் நேயர்கள் சற்றுத் தம் வாசலையும் பார்க்க வேண்டுகிறேன்.

இன்னும் மூன்று வாரத்தில் பொங்கல் வருகிறது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று நாளுக்கு ஓர் ஊராக நம் நாடே ஜல்லிக்கட்டுக்குத் திரளும். சமயநல்லூர் வழியே செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள சாப்பாட்டுக் கடைகள் சாத்தப்படும். பட்டறைகளும் கட்டட வேலைகளும் நிற்கும். அக்கடைகளில் இலை எடுப்பவர்கள், அக்கட்டடங்களுக்குக் கல் சுமப்பவர்கள் இன்று யார்? பீஹாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த பிள்ளைகள். முதலாளி ஊருக்குப் போய்விட்டால் அவர்களுக்கு அடுப்பில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் மாட்டுப் பொங்கலன்று எங்கள் ஊர் ரயில்வே ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நான்கு வாலிபர்களைக் கண்டேன். ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து நால்வரும் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் கைபேசியில் தன் வீட்டாரோடு பேசினான். பாஷை எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும்; ஆயினும் அவன் சொன்ன சொல் விளங்கிற்று: "சாப்பிட்டாயிற்று, அம்மா." நான் 2003-இல் சொன்ன அதே பொய். அன்று நான் வெட்கத்தோடு வீடு திரும்பினேன். அவர்களை அழைத்துக்கொண்டு திரும்பவில்லை. அந்த வெட்கம் இன்னும் தீரவில்லை.

பந்தி என்பது சிறு விஷயமன்று. லண்டனில் இந்தியா ஹவுஸ் பந்தியில் எல்லா ஜாதியாரோடும் எல்லா மாகாணத்தாரோடும் உண்டு வாழ்ந்த வ. வே. சு. ஐயரவர்கள் பின்னர் சேரன்மாதேவியில் குருகுலம் கண்டார். உயர்ந்த நோக்கத்தோடு தொடங்கிய அந்த ஸ்தாபனத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் தனிப்பந்தி போட இடங் கொடுத்ததனால் மூண்ட கலகம் தமிழ்நாட்டுத் தேசிய இயக்கத்தையே பிளந்தது. 1925-இல் ஐயர் பாபநாச அருவியில் மறைந்தார். அந்தப் பிளவு அவரோடு மறையவில்லை. வெளியே நமக்கு மறுக்கப்பட்ட கதவைப் பற்றி எவ்வளவு பேசினாலும், நம் வீட்டுப் பந்தியில் யாரை எங்கே உட்கார வைக்கிறோம் என்பதைக் கொண்டே நம் தேசாபிமானம் அளக்கப்படும். லண்டனில் அறை கொடாத வீட்டுக்காரனுக்கும், "வடக்கத்தியானுக்கு வீடு இல்லை" என்று சொல்லும் நம் ஊர் வீட்டுக்காரனுக்கும் நிறத்தில் மட்டுமே வித்தியாசம்.

ஆகவே உபதேசத்தோடு நில்லாமல் ஒரு காரியமும் சொல்லி முடிக்கிறேன். வரும் தைப்பொங்கலன்றும் மாட்டுப் பொங்கலன்றும் இப்பத்திரிகைக் காரியாலயத்தின் முன்கூடம் காலை முதல் இரவு வரை திறந்திருக்கும். அடுப்பு மூட்டப்படும். எந்த ஊரான், என்ன பாஷை, என்ன ஜாதி, என்ன மதம் என்ற கேள்வியில்லை, ஒரே பந்தி. அரிசியோ, விறகோ, இரண்டு மணி நேர உழைப்போ தரக்கூடிய நேயர்கள் முன்கூட்டித் தெரிவிக்கலாம். தம் தெருவில் இவ்வாறே ஒரு கூடத்தைத் திறப்பவர்கள் எங்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டியதில்லை, திறந்தால் போதும்.

இந்த ஏற்பாட்டைச் சமயநல்லூர்க் குடியானவருக்கு நேற்றுச் சொல்லியனுப்பினேன். தம் பிள்ளை அந்நிய நகரில் ஒரு நாள் தனித்திருக்கப் போவதை என்னால் தடுக்க முடியவில்லையே என்றும் சொன்னேன். "அதற்கென்ன வக்கீலையா, இரண்டு மூட்டை அரிசி அனுப்புகிறேன், என் பையனுக்கு அங்கே யாராவது போடுவார்கள்" என்று பதில் வந்தது. அவர் நம்பிக்கை வீணாகாமற் காப்பது கடலுக்கு அப்பால் உள்ளவர்களின் கடமை. இப்பால் உள்ள நம் கடமையை நாம் செய்வோம்.